'எழில்வீடு' டொமைனுக்கு என்ன விலை சொல்லலாம்? உதவி தேவை

பொள்ளாச்சிக்காரன்:
வணக்கம் நண்பர்களே. உள் அலங்காரத் தொழில் தொடங்கும் எண்ணத்தில் 2021-ல் 'எழில்வீடு' என்ற பெயரை ஆங்கில எழுத்தில், டாட் காமில் வாங்கி வைத்தேன். தொழில் அமையவில்லை, வருடா வருடம் புதுப்பிப்பதோடு சரி. இலவச மதிப்பீட்டுக் கருவி ஒன்று 1,900 டாலர் என்றது. போன வாரம் ஒருவர் 4,000 டாலருக்குக் கேட்டு மெயில் அனுப்பினார். ஆனால் அவர் சொல்லும் தளத்தில் நான் முதலில் 90 டாலர் கட்டி மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டுமாம். கட்டலாமா? உண்மையில் இந்தப் பெயர் எவ்வளவு போகும்?

வலைநெசவாளன்:
தயவுசெய்து கட்டாதீர்கள். இது பழைய ஏமாற்று வேலை. சான்றிதழுக்குப் பணம் போனதும் ஆள் காணாமல் போவார். வாங்க நினைப்பவர் விலையைத் தானே முடிவு செய்வார், உங்களிடம் சான்றிதழ் கேட்க மாட்டார். நேர்மையான ஆள் என்றால் எஸ்க்ரோ வழியாக வரச் சொல்லுங்கள். அவர் பணத்தை மூன்றாமவர் பிடித்து வைத்திருப்பார், டொமைன் கைமாறிய பிறகுதான் உங்களுக்கு வரும்.

தறிக்காரன்:
விலை பற்றி நான் சொல்கிறேன். அந்த 1,900-ஐ மறந்துவிடுங்கள். கருவிகள் நீளம், குறிச்சொல், பழைய விற்பனை என்று பார்த்துக் கணக்குப் போடுகின்றன. தமிழ்ச் சொல்லை மக்கள் எப்படி எழுதுவார்கள் என்பது அவற்றுக்குத் தெரியாது.

உங்கள் பெயரின் சிக்கலே அங்கேதான். ழ-வுக்கு ஒருவர் இசட் எச் போடுவார், ஒருவர் வெறும் எல் போடுவார். 'வீ'-க்கு இரண்டு ஈ-யா, ஒரு ஐ-யா? விளம்பரத்தில் காதால் கேட்டவர் தட்டச்சு செய்யும்போது வேறு யாரோ ஒருவரின் தளத்துக்குப் போய்விடுவார். வாங்குகிறவர் கொடுக்கும் விலையை இது நேராகக் குறைக்கும். சொல் அழகாக இருப்பது வேறு, பிராண்டாக நிற்பது வேறு. 2019-ல் 'வாய்ஸ்' டாட் காம் 3 கோடி டாலருக்குப் போனது உண்மைதான். ஆனால் அது உலகமே ஒரே மாதிரி எழுதும் ஒற்றைச் சொல். அதை வைத்து நம் பெயருக்குக் கணக்குப் போடக் கூடாது.

நேம்பயோ தளத்தில் இதே வகைப் பெயர்கள் எவ்வளவுக்கு விற்றன என்று தேடுங்கள். சந்தையில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலைதான் பேசும். அப்புறம் டிரேட்மார்க் பதிவேட்டிலும் ஒரு முறை தேடிவிடுங்கள். நீங்கள் வாங்கும் முன்பே இந்தப் பெயருக்கு யாராவது உரிமை பெற்றிருந்தால், அவர்களிடமே விலை பேசப் போவது ஆபத்து. டொமைனையே இழக்க நேரலாம்.

பொள்ளாச்சிக்காரன்:
மிக்க நன்றி அண்ணா. 90 டாலர் கட்டவில்லை. எஸ்க்ரோ என்றதும் அந்த ஆளிடமிருந்து பதிலே இல்லை. டிரேட்மார்க் பதிவேட்டில் தேடினேன், இந்தப் பெயரில் யாருடைய பதிவும் இல்லை. நேற்று ஐந்து பேரிடம் போனில் பெயரைச் சொல்லி எழுதிக் காட்டச் சொன்னேன், ஒருவர்தான் சரியாக எழுதினார். மனசு கொஞ்சம் கஷ்டமாகிவிட்டது. விட்டுவிடலாமா?

தறிக்காரன்:
உடனே விட வேண்டாம். நேம்பயோவில் கிடைப்பதைப் பார்த்து நியாயமான விலை ஒன்று வைத்து, டொமைனைத் திறந்தாலே 'விற்பனைக்கு' என்று தெரியும்படி பக்கம் போடுங்கள். கோவை, ஈரோடு பக்கம் வீடு கட்டித் தருகிறவர்களுக்கு நீங்களே எழுதிக் கேளுங்கள். இந்தப் பெயரின் அழகு தமிழ் தெரிந்தவருக்குத்தான் புரியும், வாங்குகிறவரும் அங்கேதான் இருப்பார். அடுத்த புதுப்பிப்புக்குள் ஒரு விசாரிப்புகூட வராவிட்டால் அப்போது விட்டுவிடலாம்.