வீட்டில் ஓடுது, தோட்ட ஆபீசில் ஓட மாட்டேங்குது: பைத்தான் இம்போர்ட் அனுபவங்களைப் பகிருங்கள்

சிப்புட் டியூஷன் அக்கா:
சுங்கை சிப்புட்டில் வார இறுதிகளில் பிள்ளைகளுக்குப் பைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். லூப், ஃபங்ஷன் எல்லாம் சீக்கிரம் பிடிபட்டுவிடும். ஒரே கோப்பில் இருந்ததை நாலு கோப்புறையாகப் பிரித்து, ஒன்றிலிருந்து இன்னொன்றை இம்போர்ட் வரியால் அழைக்கும்போதுதான் முகம் வாடும்.

அண்மையில் செம்பனைத் தோட்ட ஆபீசில் வேலை செய்யும் ஒரு தம்பி வந்தார். லோரி எடைச் சீட்டுகளைக் கூட்டித் தினசரி அறிக்கை எடுக்கும் நிரல், அவரே எழுதியது. வீட்டில் பைசார்ம் என்ற நிரல் எழுதும் செயலியில் பச்சைப் பொத்தானை அழுத்தினால் ஓடுகிறது. ஆபீஸ் கணினியில் டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் திரையில் கொடுத்தால் ‘மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர்’: இம்போர்ட் செய்யச் சொன்னது கிடைக்கவில்லையாம். “அக்கா, பைத்தான் சரியா ஏறலையா?” என்று கேட்டார்.

பைத்தான் சரியாகத்தான் ஏறியிருந்தது. இம்போர்ட்டுக்காகப் பைத்தான் தேடும் கோப்புறைகளின் பட்டியல்தான் தேடல் பாதை, அதன் பெயர் சிஸ்.பாத். திட்டத்தின் மூலக் கோப்புறையை அதில் சேர்க்கும் வேலையைப் பைசார்ம் நமக்குத் தெரியாமலே செய்துவிடுகிறது. டெர்மினலில் அந்த உதவி இல்லை. ‘பைத்தான் ரிப்போர்ட்ஸ்/டெய்லி.பிஒய்’ என்று ஓட்டினால், சிஸ்.பாத் பட்டியலில் முதலில் வருவது ரிப்போர்ட்ஸ் கோப்புறை, அதாவது அந்தக் கோப்பு இருக்கும் இடம். நாம் எங்கே நிற்கிறோம் என்பதை அது பார்ப்பதில்லை. அதனால் டெய்லி இம்போர்ட் செய்யும் ‘காமன்’ கோப்புறை பக்கத்திலேயே இருந்தும் பைத்தானுக்குத் தெரியாது. மூலக் கோப்புறையில் நின்று ‘பைத்தான் -எம் ரிப்போர்ட்ஸ்.டெய்லி’ என்று கொடுத்தால், நிற்கும் கோப்புறை பட்டியலின் முதலுக்கு வரும். நிரலில் ஒரு வரிகூட மாற்றாமல் ஓடியது.

அதற்கு முன்பே அவர் எங்கோ பார்த்து, கோப்புக்குக் கோப்பு, பட்டியலில் கோப்புறையைக் கையால் சேர்க்கும் ‘சிஸ்.பாத்.அப்பெண்ட்’ வரியை எழுதி வைத்திருந்தார். எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னேன். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. ஒரு கோப்பை ஒரு படி உள்ளே நகர்த்தினால் அந்த வரி பொய்யாகிவிடும், அடுத்து வருபவருக்குக் காரணமும் தெரியாது.

பாகாவ் வாசி:
அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் வந்தவருக்கு இம்போர்ட் எல்லாம் சரி, ஆனால் ‘டேட்டா/சீட்டு.சிஎஸ்வி’ கிடைக்கவில்லை என்றது. கையால் ஓட்டினால் வேலை செய்யும், விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர் விடியற்காலையில் ஓட்டினால் விழும். ‘ஸ்டார்ட் இன்’ கட்டம் காலியாக இருந்ததால் அது சிஸ்டம்32 கோப்புறையிலிருந்து தொடங்கியிருக்கிறது. லினக்ஸில் அதே வேலைக்குக் கிரான் போட்டால் வீட்டுக் கோப்புறையிலிருந்து தொடங்கும்.

இம்போர்ட் தேடுவது சிஸ்.பாத்தில். கோப்பைத் திறக்கும் ‘ஓப்பன்’ தேடுவது நிரல் தொடங்கிய கோப்புறையில். இரண்டும் வேறு வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் பலர் இம்போர்ட்டையே நோண்டிக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் செய்தது: மூலக் கோப்புறையில் ‘பாத்ஸ்.பிஒய்’ என்று ஒரு கோப்பு, அதில் ‘ரூட் = பாத்(__ஃபைல்__).ரிசால்வ்().பேரன்ட்’, அதாவது இந்தக் கோப்பு இருக்கும் கோப்புறை. மற்ற கோப்புகள் எல்லாம் ‘ரூட் / "டேட்டா"’ என்று அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். இதற்கான பாத்லிப் 3.4 பதிப்பிலிருந்தே பைத்தானோடு வருகிறது.

தெலுக் இந்தான் தம்பி:
அண்ணே, அக்கா, நிரலை ஒருவருக்கு மேல் பயன்படுத்தப்போகிறார்கள் என்றால் நான் நேராகத் திட்டத்தின் விவரங்களைச் சொல்லும் ‘பைப்ராஜெக்ட்.டாம்ல்’ கோப்பை எழுதி, மூலக் கோப்புறையில் ‘பிப் இன்ஸ்டால் -இ .’ கொடுத்துவிடுவேன். நிரல் அந்தப் பைத்தான் சூழலில் பதிவாகிவிடும். பிறகு எங்கே நின்றாலும் இம்போர்ட் ஆகும், திருத்தினால் உடனே தெரியும். கோப்புறையை வேறு இடத்துக்கு மாற்றினால் மட்டும் திரும்பக் கொடுக்க வேண்டும்.

சிப்புட் டியூஷன் அக்கா:
தம்பி சொல்வதுதான் நீண்ட நாளைக்கு நிற்கும். எடைச் சீட்டு நிரலுக்கு இப்போதைக்கு -எம் போதும். அடுத்த கிராணியும் பயன்படுத்த ஆரம்பித்தால் பைப்ராஜெக்ட் போட்டுவிடலாம்.

இன்னொன்று. படிவம் நான்கு மாணவி ஒருத்தி விடுமுறைப் பட்டியலுக்கு ‘காலண்டர்.பிஒய்’ என்று பெயர் வைத்திருந்தாள். அவள் கோப்புறைதான் பட்டியலில் முதலில் நிற்கிறது. அதனால் பைத்தானின் சொந்தக் காலண்டர் மாட்யூலுக்குப் பதிலாக அவளுடையது ஏறி, சம்பந்தமே இல்லாத இடத்தில் பிழை காட்டியது. பெயரை மாற்றியதும் சரியாகிவிட்டது. 3.11 பதிப்பிலிருந்து பெரிய எழுத்தில் ‘-பி’ கொடுத்தால் அந்தக் கோப்புறை பட்டியலில் சேராது. ஆனால் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது ‘பிரிண்ட்(சிஸ்.பாத்)’ போட்டு, வருவதை வரிசையாக வாசிக்கத்தான்.