கடலில் இறங்கிவிட்டு மலை ஏறலாமா? ஸ்கூபாவும் ஊர் சுற்றலும் சேர்ந்த பயண அனுபவங்கள்

காப்பித்தோட்டத்தான், ஏற்காடு:

போன ஜூலையில் நானும் வீட்டுக்காரியும் ஆறு நாள் இலங்கை போய் வந்தோம். ஸ்கூபா, அதாவது முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் நீந்துவது, அவள் ஆசை. ஊர் சுற்றுவது என் ஆசை. முதலில் நான் போட்ட திட்டம் இது: திருச்சியில் விமானம் ஏறிக் கொழும்பு, நேராகத் திருகோணமலை, இரண்டு நாள் கடல், மறுநாள் விடிந்ததும் கார் பிடித்து நுவரெலியா. "மலையிலேயே குடியிருந்துகொண்டு இன்னொரு மலைக்கா மாமா?" என்று மச்சினன் சிரித்தான். தேயிலைத் தோட்டம் பார்க்காமல் திரும்பினால் காப்பிக்காரனுக்கு மனசு ஆறுமா?

திருகோணமலைக்குப் பக்கத்தில் நிலாவெளிக் கடற்கரையில் ஒரு டைவிங் சென்டருக்குப் போன் போட்டேன். எடுத்த தம்பி வயது, எடை, கால் அளவு எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், "முடிஞ்சு அடுத்த நாள் எங்க போறியள் அண்ணை?" என்றார். நுவரெலியா என்றேன். "அது சரிவராது. கடலுக்க இறங்கிட்டு உடன மலை ஏறக் கூடாது." ஏதோ சாமி குத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அப்புறம் அவரே விளக்கினார். தண்ணீரில் பத்து மீட்டர் இறங்கினாலே உடம்பின் மேல் அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும். அந்த அழுத்தத்தில் மூச்சுக்குள் போகும் நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்து தங்கும், வெளியேற நேரமாகும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால், கோலி சோடா குண்டைத் தட்டியது போல உள்ளேயே குமிழி கட்டும். அதனால்தான் ஒரு தடவை இறங்கினால் 12 மணி நேரம், பல தடவை இறங்கினால் 18 மணி நேரமாவது விமானம் ஏறக்கூடாது என்கிறார்கள். மலைப்பாதைக்கும் இதே கதைதான், 300 மீட்டர் தாண்டினாலே யோசிக்க வேண்டும். நுவரெலியா 1,868 மீட்டர். நம் ஏற்காடே 1,500 மீட்டர் இருக்கும்.

திட்டத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பினேன். நுவரெலியா முதலில், அடுத்தது சிகிரியா, கடல் அதற்குப் பிறகு. கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே ஒரு முழு நாள் விட்டோம். அன்றைக்குக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் ஏழு வாளித் தண்ணீர் ஊற்றிக்கொண்டதோடு சரி. மாதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கரையில் மே முதல் செப்டம்பர் வரை கடல் தெளிவாக இருக்கும். மேற்கே ஹிக்கடுவைப் பக்கம் அப்போது அலை, அங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை போகலாம்.

ஸ்கூபா பயிற்சி முடித்த சர்டிபிகேட் இல்லாதவர்களை 12 மீட்டருக்குக் கீழே கூட்டிப்போக மாட்டார்கள். நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவில் எங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் எத்தனை தடவை காது அடைத்திருக்கும்! எச்சில் விழுங்கினால் திறந்துவிடும். கடலில் இரண்டு மீட்டரிலேயே அதே அடைப்பு வந்தது. அங்கே எச்சில் போதாது, மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊத வேண்டும், அதுவும் வலி வருவதற்கு முன்பே. அவள் முதல் தடவையே பழகிவிட்டாள். நான் மூன்று தடவை ஏறி இறங்கினேன். நாலாவது தடவை காது "டப்" என்று திறந்தது. திரும்பிப் பார்த்தால், முதுகுத் துடுப்பின் நுனியை மையில் தோய்த்தது போல ஒரு சுறா. என் நீளம் இருக்காது. எங்களை மதிக்கவே இல்லை, பாறையைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. அவள் என் கையைப் பிடித்த பிடியில் நகக்குறி மட்டும் இரண்டு நாள் இருந்தது.

ஓமலூர் கிணத்துக்காரன்:

காது பரவாயில்லைங்க. எனக்கு நீச்சல் தெரிந்ததுதான் வினையாகப் போச்சு.

எங்கள் தோட்டத்துக் கிணற்றில் மாமா காசு போடுவார், மூச்சடக்கிப் போய் எடுத்து வருவோம். அந்தத் தைரியத்தில் தாய்லாந்தின் கோ தாவ் தீவுக்கு நாலு நாள் கோர்ஸுக்குப் போனேன். 200 மீட்டர் நீந்துவது, பத்து நிமிடம் மிதப்பது இரண்டும் தண்ணி பட்ட பாடு. ஆனால் ஆழத்துக்குப் போனதும் பழக்க தோஷத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்! சிலிண்டர் காற்றை மிச்சம் பிடிக்கிற நினைப்பு வேறு. பயிற்சியாளர் என் முகத்துக்கு நேராக வந்து, வாயிலிருந்து குமிழி விடச் சொல்லி விரலால் காட்டிக்கொண்டே இருந்தார். ஸ்கூபாவில் முதல் விதியே மூச்சை அடக்காதே என்பதுதான். பத்து மீட்டரில் நுரையீரல் நிறையப் பிடித்த காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும், நுரையீரலே கிழிந்துபோகலாம். கிணற்றில் மேலேயே இழுத்த மூச்சு என்பதால் அந்த ஆபத்து இல்லை. எனக்கு அது மண்டையில் ஏற மூன்று டைவ் ஆனது.

நாலு நாளும் கோர்ஸிலேயே போனதால் ஊர் சுற்றியது பாங்காக்கில் அரை நாள்தான். லீவு குறைவாக இருந்தால் பாடத்தையும் நீச்சல் குளப் பயிற்சியையும் புதுச்சேரி மாதிரி இடத்தில் முடித்துக்கொண்டு, கடலை மட்டும் தாய்லாந்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் ஸ்கூபா சேராது. பாலிசியைப் படித்துவிட்டு ஏறுங்கள்.

அஸ்தம்பட்டி அக்கா:

நானும் திருகோணமலைதான் போனேன், ஆனால் தண்ணீரில் இறங்கவில்லை. சேலத்தில் ஒரு ஏஜென்ட் நாலு பேருக்கும் ஸ்கூபா சேர்த்தே பணம் வாங்கிவிட்டார். கடற்கரைக்குப் போன பிறகுதான் உடல்நலக் கேள்வித்தாளை நீட்டுகிறார்கள். ஆஸ்துமா, ரத்த அழுத்தம், காது ஆபரேஷன் என்று வரிசையாகக் கேள்விகள். என் பையில் இன்ஹேலர். டாக்டர் கையெழுத்து இல்லாமல் முடியாது என்றார்கள். "இல்லைன்னு டிக் பண்ணுங்கக்கா" என்றார் கூட வந்த டிரைவர். மாட்டேன் என்றேன். அந்தத் தாளை முன்கூட்டியே வாங்கி நம் டாக்டரிடம் காட்டியிருந்தால் அங்கே போய் நின்றிருக்க வேண்டாம்.

வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே சர்டிபிகேட் உண்டு. திருகோணமலையில் கோணேஸ்வரம் கோயில் நிற்கும் சுவாமி மலைப் பாறைக்கு அடியில் அவர் கடலில் இறங்கினார், நான் மேலே கோயிலில் நின்றேன். சம்பந்தர் பாடிய தலம். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் பழைய கோயிலை இடித்துக் கடலில் தள்ளினார்கள். அந்தக் கற்களை 1950களில் டைவிங் செய்து பார்த்தவர்களில் ஒருவர் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். மேலிருந்து பார்த்தால் படகு தீப்பெட்டி அளவு தெரிந்தது. சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து, பாசி படிந்த ஒரு தூணைத் தொட்டேன், செதுக்கிய விளிம்பு கைக்குத் தட்டுப்பட்டது என்றார். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

காப்பித்தோட்டத்தான், ஏற்காடு:

அக்கா, ஏஜென்ட் உங்கள் பங்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாரா?

அஸ்தம்பட்டி அக்கா:

பாதி கொடுத்தார். மீதிக்கு மே மாதம் ஒரு கூடை மல்கோவா அனுப்பினார் தம்பி. அதிலும் நாலு அழுகல்.