ஹைப்பர்-வி ஹோஸ்டைச் சேர்த்தால் "ஆக்சஸ் இஸ் டினைடு": பாஸ்வேர்டு சரிதான், ஆனாலும் விடமாட்டேங்குது

தூங்காத சர்வர்:
வணக்கம். ஆபீஸ்ல ஒரே ஹைப்பர்-வி ஹோஸ்ட் (விர்ச்சுவல் மெஷின்களை, அதாவது விஎம்களை, ஓட்டுற சர்வர்), விண்டோஸ் சர்வர் 2019. டொமைன் (எல்லா மெஷினுக்கும் பொதுவான யூசர் நிர்வாகம்) கிடையாது, ஒர்க்குரூப்தான், மெஷினுக்கு மெஷின் தனி யூசர். டாலி ஓடுற விஎம்மும் ஃபைல் சர்வரும் அதுலதான். தனி மெஷின்ல பேக்கப் சாஃப்ட்வேர் போட்டு ஹோஸ்டைச் சேர்க்கப் போனா, அட்மின் டாலர் ஷேரை (ADMIN$, அட்மின்களுக்கு மட்டும் நெட்வொர்க்ல திறக்கிற மறைவான ஷேர்) தொடும்போதே எரர் 5, ஆக்சஸ் டினைடு. "பேக்கப்அட்மின்"னு ஹோஸ்ட்ல ஒரு யூசர் போட்டு அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குரூப்ல சேர்த்திருக்கேன். அதே யூசர் ரிமோட் டெஸ்க்டாப்ல ஜம்முனு உள்ளே போகுது! ஃபயர்வாலை அணைச்சும் பார்த்தாச்சு. முதலாளி தினமும் கேட்கிறார்.

ரேக் ராசு:
முதல்ல ஃபயர்வாலை ஆன் பண்ணுங்க. போர்ட் அடைபட்டிருந்தா பெரும்பாலும் எரர் 53 (நெட்வொர்க் பாதை கிடைக்கலை) வரும். 5 வருதுன்னா ஹோஸ்ட் வரைக்கும் போயாச்சு. யூசர் பெயருக்கு முன்னாடி ஹோஸ்ட் பெயரும் பேக்ஸ்லாஷும் போட்டீங்களா?

தூங்காத சர்வர்:
போட்டேன் சார். அதே 5.

பழைய பிளாப்பி:
தம்பி, இது யுஏசி வேலை (யூசர் அக்கவுன்ட் கன்ட்ரோல், அட்மின் வேலைக்கு முன்னாடி அனுமதி கேட்கிற விண்டோஸ் பாதுகாப்பு). ரிமோட் டெஸ்க்டாப்ல போனா யுஏசி கேட்கும், நீங்க "யெஸ்" அமுக்கி முழு அட்மின் ஆகலாம். நெட்வொர்க் வழியா வர்ற லோக்கல் யூசர்கிட்ட அப்படிக் கேட்க வழியில்லை. அதனால அட்மின் அதிகாரத்தைக் கழற்றி வச்சுட்டுத்தான் உள்ளே விடும். அட்மின் டாலர் ஷேர் அப்போ திறக்காது. விண்டோஸோடயே வர்ற பிறவி "அட்மினிஸ்ட்ரேட்டர்" அக்கவுன்ட்டுக்கு மட்டும் டீஃபால்ட்டா இந்தக் கெடுபிடி இல்லை.

சோதிச்சுப் பாருங்க: பேக்கப் சர்வர்ல கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, நெட் யூஸ் கமாண்டால ஹோஸ்டோட அட்மின் டாலரை ரெண்டு அக்கவுன்ட்லயும் இணைங்க. முதல் இணைப்பைத் துண்டிச்சுட்டு அடுத்ததைப் போடுங்க, இல்லேன்னா 1219 எரர் (ஒரே சர்வருக்கு ரெண்டு யூசர் பெயர்ல இணைப்பு) வந்து குழப்பும். பிறவி அட்மினுக்குத் திறந்து பேக்கப்அட்மினுக்குத் திறக்கலேன்னா சந்தேகமே வேண்டாம்.

தீர்வு ஹோஸ்டோட ரெஜிஸ்ட்ரில (விண்டோஸ் தன் செட்டிங்குகளை வச்சிருக்கிற இடம்). லோக்கல் மெஷின் பகுதில சாஃப்ட்வேர் > மைக்ரோசாஃப்ட் > விண்டோஸ் > கரன்ட்வெர்ஷன் > பாலிசீஸ் > சிஸ்டம். அங்க "லோக்கல்அக்கவுன்ட்டோக்கன்ஃபில்டர்பாலிசி"ன்னு இடைவெளி இல்லாம ஒரு டிவேர்டு (எண் மதிப்பு வைக்கிற பதிவு), மதிப்பு 1. பிறவி அட்மினையே பேக்கப்புக்குக் கொடுத்துடலாம்னு சிலர் சொல்வாங்க, எனக்கு அது பிடிக்காது. ஆனா இந்த 1-க்கும் விலை உண்டு: எந்த லோக்கல் அட்மின் பாஸ்வேர்டு கசிஞ்சாலும் நெட்வொர்க் வழியாவே முழு அதிகாரத்தோட நுழையலாம். அதனால வேற எங்கேயும் இல்லாத பாஸ்வேர்டு வைங்க, 445 (ஃபைல் ஷேருக்கு), 135 (ஆர்பிசிக்கு, அதாவது ஒரு மெஷின் இன்னொண்ணுகிட்ட ரிமோட்டா வேலை வாங்குற வழிக்கு) போர்ட் ரெண்டையும் பேக்கப் சர்வர் ஐபிக்கு மட்டும் திறங்க.

தூங்காத சர்வர்:
அப்படியேதான் சார், பிறவி அட்மினுக்குத் திறந்துச்சு, இன்னொண்ணுக்கு 5. டிவேர்டு போட்டதும் அந்த எரர் போயிடுச்சு. ஃபயர்வாலை ஆன் பண்ணி நீங்க சொன்ன ரெண்டு போர்ட்டையும் திறந்தேன். இப்போ "ஆர்பிசி சர்வர் அன்அவைலபிள்", 1722.

ரேக் ராசு:
135 வெறும் விசாரணை கவுன்டர். டபிள்யூஎம்ஐ (ஹோஸ்டை ரிமோட்டா விசாரிச்சு நிர்வகிக்கிற விண்டோஸ் வசதி) அங்க கேட்டுட்டு 49152-ல இருந்து 65535-க்குள்ள வேற போர்ட்டுக்குப் போகும். ஃபயர்வால்ல "விண்டோஸ் மேனேஜ்மென்ட் இன்ஸ்ட்ருமென்டேஷன்" ரூல்களை ஆன் பண்ணி, அதுலயும் பேக்கப் சர்வர் ஐபியை மட்டும் போடுங்க.

தூங்காத சர்வர்:
ஹோஸ்ட் சேர்ந்துடுச்சு, விஎம் எல்லாம் லிஸ்ட்ல தெரியுது. டாலி விஎம் முதல் ஃபுல் பேக்கப் ஓடிட்டிருக்கு.