உதவி: நானே நிரப்பிய துவக்கு ரவையைச் சுட்டபின் போல்ட் கைப்பிடி எழும்ப மறுக்கிறது

நல்லூர்_நோர்வே | திங்கள், இரவு 9.40
வணக்கம், அவசரம். வீட்டில் நானே நிரப்பிய ரவையைச் சுட்டால், பிறகு துவக்கின் பின்பக்கத்தை மூடும் போல்டின் கைப்பிடி மேலே எழும்புவதில்லை. உள்ளங்கையால் குத்தித்தான் திறக்கிறேன். கடை ரவைக்கு இந்தத் தொல்லை இல்லை. பழுது துவக்கிலா, ரவையிலா? துவக்கு நோர்வேயில் இருக்கிறது, நான் கோயில் திருவிழாவுக்காக ஊரில் நிற்கிறேன். செப்டெம்பர் 25 எல்க் மான் வேட்டை தொடங்குகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொக்குவில்_கடைசல் | 9.58
தம்பி, என்ன துவக்கு, என்ன அளவு, எத்தனை ரவை சுட்டீர்கள், எத்தனை இறுகின? எல்லாவற்றுக்கும் முதல், போல்டை மூடும்போதே இறுக்கமா, சுட்டபின் திறக்கும்போது மட்டுமா? நீர் இறைக்கும் மெசின் கொண்டுவருகிறவர்களும் இப்படித்தான், "ஓடவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். எண்ணெய் எப்போது மாற்றியது என்று கேட்டால் கூரையைப் பார்ப்பார்கள். என் ஊகத்தைச் சொல்லிவைக்கிறேன்: போல்டின் பூட்டுக் காதுகளில் கிறீஸ் காய்ந்திருக்கும். இரும்பும் இரும்பும் உராய்ந்தால் இறுகத்தான் செய்யும்.

பனையடி | 10.05
இதை வாசிக்கிற இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. நோர்வேயில் அனுமதிப்பத்திரம் உள்ளவர் தன் ரவையைத் தானே நிரப்பலாம். இங்கே இலங்கையில் அனுமதி இல்லாமல் துவக்கு வைத்திருந்தாலே மறியல்தான். யாரும் ஆசைப்பட்டு இறங்கவேண்டாம்.

ரொறன்ரோ_வேட்டை | 10.31
ரவை நிரப்பும் கைந்நூலின் முதல் அத்தியாயத்தை வாசித்தவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார். கடினமான போல்ட் என்பது அழுத்தம் கூடியதன் அறிகுறி. ரவையின் பித்தளைக் கோது விரிந்து, அது இருக்கும் அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது, அதனால்தான் கைப்பிடி எழும்பவில்லை. உள்ளங்கையால் குத்தித் திறந்துகொண்டு தொடர்ந்து சுட்டீர்களா? முகத்துக்கு ஓர் அடி தூரத்தில் என்ன நடக்கிறது என்று தெரியுமா? இருபது வருடமாக ஒன்ராறியோவில் மான் வேட்டைக்குப் போகிறேன், ஒரு நாளும் நான் போல்டைக் குத்தியதில்லை. மருந்து எவ்வளவு, பறந்து போகும் சன்னம் எது, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் எது? இவை இல்லாமல் உதவி கேட்பது சோதிடம் கேட்பது போன்றது.

கொக்குவில்_கடைசல் | 10.40
கிறீஸையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ரொறன்ரோ_வேட்டை | 10.44
கடைசல் ஐயா, அறைக்குள் எண்ணெயோ கிறீஸோ இருந்தால் கோது சுவரைப் பற்றாமல் முழு வேகத்தோடு போல்டின் முகத்தில் வந்து அடிக்கும். உங்கள் வைத்தியம் நோயைக் கூட்டும்.

கொக்குவில்_கடைசல் | 10.49
நான் சொன்னது காதுக்கு. அறைக்குள் ஊற்றச் சொன்னேனா? கண்ணாடி போட்டுக்கொண்டு வாசியுங்கள்.

நல்லூர்_நோர்வே | செவ்வாய், காலை 6.50
மன்னிக்கவும், இரவு தேர் வேலையில் நின்றேன். துவக்கு .308 அளவு. ஜூலையில் 20 ரவை சுட்டேன், ஏழோ எட்டோ இறுகின. மூடும்போது... சிலது சற்று இறுக்கம், சிலது இல்லை, வடிவாகக் கவனிக்கவில்லை. மருந்து கைந்நூலில் போட்ட உச்ச அளவுக்குக் கீழேதான். மார்ச்சில் இதே அளவில் 30 சுட்டேன், ஒரு பிரச்சினையும் இல்லை.

வெயில்மனிதன் | 7.15
விடை உங்கள் வாயிலேயே இருக்கிறது. மார்ச்சில் நோர்வேயில் பனி, ஜூலையில் வெயில். மருந்து சூடானால் எரியும் வேகமும் அழுத்தமும் கூடும், சில வகை மருந்துகளில் அது நன்றாகவே தெரியும். ரவையைக் காருக்குள் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தீர்களா? ஓம் என்றால் விடயம் முடிந்தது. நம் ஊர் வெயிலில் வைத்திருந்தால் போல்டை அலவாங்கால்தான் திறக்கவேண்டும்.

இயற்பியல்_மிஸ் | 7.32
வெயில்தான் காரணம் என்றால் இருபதும் இறுகவேண்டும். ஏன் எட்டு மட்டும்? அந்த எட்டுக்கும் மீதிப் பன்னிரண்டுக்கும் இடையில் என்ன வேறுபாடு? நான் துவக்கைத் தொட்டதும் இல்லை, தொடப் போவதும் இல்லை, ஆனால் மாணவர்களிடம் இப்படித்தான் கேட்பேன். ஒரே கோதா? ஒரே தொகுதியா? ஒரே நீளமா? வேணியர் இடுக்கிமானியால் கோதின் நீளத்தை அளந்தீர்களா?

செம்பருத்தி | 7.50
இந்த மண்ணில் இதைப் பற்றிப் பேசத்தான் வேண்டுமா? காலையில் தேநீரோடு "ரவை", "கோது" என்று வாசிக்கும்போது எனக்குக் கை நடுங்குகிறது. நாங்கள் பொறுக்கிய கோதுகள் இன்னும் அம்மாவின் பெட்டிக்குள் கிடக்கின்றன.

நல்லூர்_நோர்வே | 8.05
அக்கா, மன்னியுங்கள். வேட்டைக்காக மட்டும்தான் கேட்கிறேன். வேண்டுமானால் இழையை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்கிறேன்.

மரை_பார்த்தவன் | 8.20
அக்கா சொல்வதில் நியாயம் உண்டு. ஆனாலும் எங்கள் அப்பப்பா வன்னியில் இடியன் துவக்கோடு பன்றி வேட்டைக்குப் போனவர். முன்வாயால் மருந்தை இடித்து, தக்கை வைத்து, குண்டு போட்டு... ஒன்று வெடிப்பதற்குள் பன்றி முல்லைத்தீவுக்குப் போய்விடுமாம். அதில் போல்டும் இல்லை, இறுக்கமும் இல்லை. சரி, "துவக்கு" என்று எழுதியிருப்பது நல்லது. "துப்பாக்கி" என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் இந்தியத் தொலைக்காட்சி ஞாபகம் வருகிறது.

பனையடி | 8.31
துப்பாக்கிதான் எழுத்துத் தமிழ். துவக்கு வட்டார வழக்கு.

மரை_பார்த்தவன் | 8.34
எந்த எழுத்துத் தமிழ்? என் அப்பப்பாவின் அனுமதிப்பத்திரத்திலேயே துவக்கு என்றுதான் இருந்தது.

இயற்பியல்_மிஸ் | 8.47
இரண்டும் துருக்கிப் பக்கத்திலிருந்து வந்த ஒரே சொல்லின் பிள்ளைகள். சிங்களத்தில் "துவக்குவ". சண்டையை நிறுத்தி, கோது நீளம் எவ்வளவு என்று யாராவது கேளுங்கள்.

(இதற்குக் கீழே துவக்கா துப்பாக்கியா என்று மேலும் பதினொரு பதில்கள். ஒருவர் "துமுக்கி" என்றுகூட எழுதிவிட்டுப் போனார்.)

ரொறன்ரோ_வேட்டை | பகல் 11.02
மீண்டும் விடயத்துக்கு. சன்னம் எது என்று இரண்டாம் முறை கேட்கிறேன்.

நல்லூர்_நோர்வே | 11.40
சொல்ல மறந்துவிட்டேன். மார்ச்சில் சுட்டது ஈய நடு கொண்டது. ஜூலையில் முழுச் செம்புச் சன்னத்துக்கு மாறினேன். எடை இரண்டும் ஒன்றுதான், 165 கிரெய்ன். எடை மாறாததால் மருந்தையும் மாற்றவில்லை, இது பெரிய விடயம் என்று நினைக்கவில்லை.

ரொறன்ரோ_வேட்டை | 11.44
அடக் கடவுளே. இது பெரிய விடயம் இல்லையாம்! ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்பு 8.9. அதே எடைக்குச் செம்புச் சன்னம் நீளமாகத்தான் இருக்கும். ரவையின் மொத்த நீளத்தை மாற்றாமல் அதைப் பொருத்தினால் கோதுக்குள் ஆழமாய் இறங்கி, மருந்துக்கான இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அழுத்தம் ஏறும். குழலின் வரிகளில் பதிவதற்கும் செம்பு அதிகம் எதிர்ப்புக் காட்டும். அதனால்தான் சன்னத்துக்குச் சன்னம் கைந்நூலில் தனிப் பக்கம் இருக்கிறது. இரண்டு நாளாக எல்லோரையும் அலைய வைத்துவிட்டு... கோதின் அடித்தட்டைப் பாருங்கள். பிரைமர் தட்டையாகிவிட்டதா? அடியில் பளபளவென்று வட்டமாக ஒரு தடம் இருக்கிறதா? கோதைத் தள்ளும் முளையின் துளைக்குள் பித்தளை அமுங்கி, போல்ட் திரும்பும்போது தேய்ந்த அடையாளம் அது.

நல்லூர்_நோர்வே | மாலை 4.15
மகனும் அனுமதிப்பத்திரம் உள்ளவன். அவன் அலுமாரியைத் திறந்து வெற்றுக் கோதுகளைப் படம் எடுத்து அனுப்பினான். எட்டுக் கோதின் அடியில் சிறிய பிறை போல ஒரு பளபளப்பு, எழுத்து பதிந்த இடத்தில் ஓர் எழுத்து பாதி அழிந்திருக்கிறது. மற்றப் பன்னிரண்டில் பிறை இல்லை, ஆனால் பிரைமர் எல்லாமே கொஞ்சம் தட்டைதான்.

இயற்பியல்_மிஸ் | 4.22
இருபதுக்கும் அதே செம்பு, அதே மருந்து. பிறை எட்டுக்கு மட்டும். செம்பு முழு விடையும் இல்லை. நீளம்!

ரொறன்ரோ_வேட்டை | 4.30
மிஸ், மரியாதையோடு சொல்கிறேன், துவக்கைத் தொடாதவர் துவக்கு பற்றித் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

இயற்பியல்_மிஸ் | 4.33
எரிமலையைத் தொடாமலும் பாடம் நடத்தியிருக்கிறேன்.

கொக்குவில்_கடைசல் | 4.40
மிஸ் கேட்பது சரி. தம்பி, மகனிடம் சொல்லுங்கள்: பிரைமரும் மருந்தும் இல்லாமல், அச்சில் அழுத்திய வெற்றுக் கோதை மட்டும் அறைக்குள் வைத்து, ஊசியைக் கழற்றிய போல்டை மூடிப்பார்க்கட்டும். கைப்பிடி தானாக விழுந்தால் அளவு சரி. கடைசிக் கால் அங்குலத்தில் தடுத்தால் கோது நீளம், அல்லது கழுத்துக்குக் கீழே உள்ள தோளை அச்சு பின்னுக்குத் தள்ளவில்லை. உருளையைத் துளைத்துவிட்டுப் பிஸ்டனைப் போட்டுப் பார்ப்பதுபோலத்தான். கிறீஸையும் ஒரு கண் பார்க்கட்டும்.

ரொறன்ரோ_வேட்டை | 4.52
இந்தச் சோதனையை நான் சொல்லவிருந்தேன். எதுவாக இருந்தாலும் மிச்ச ரவை ஒன்றையும் சுடவேண்டாம்.

நல்லூர்_நோர்வே | வியாழன், இரவு 10.20
மகன் அளந்தான். பிறை விழுந்த எட்டில் மூன்றின் நீளம் 51.46, 51.52, 51.58 மில்லிமீற்றர். பிறை இல்லாதவை 51.05 சுற்றிலும். எட்டும் ஐந்து முறை நிரப்பிய பழைய கோதுகள், மீதி புதியவை. கலந்துவிட்டேன். ஒருமுறையும் வாயை வெட்டி நீளத்தைக் குறைக்கவில்லை, வெட்டும் கருவி பெட்டியிலேயே இருந்தது. வெற்றுக் கோதுச் சோதனையில் பழையவை கடைசியில் தடுக்கின்றன, புதியவை தாமாக விழுகின்றன.

இயற்பியல்_மிஸ் | 10.27
.308 கோதுக்கு உச்ச நீளம் 51.18. கழுத்தின் வாய் அறையின் முடிவில் முட்டிச் சன்னத்தை இறுக்கிப் பிடித்துவிடுகிறது, சன்னம் தாராளமாகக் கழன்று போக முடிவதில்லை. நன்றி, நான் தூங்கப் போகிறேன்.

ரொறன்ரோ_வேட்டை | 10.35
நான் சொன்னது இதுதான். செம்பு அழுத்தத்தை விளிம்புக்குக் கொண்டுவந்தது, அதனால்தான் பிரைமர் எல்லாமே தட்டை. நீண்ட கோது அதைத் தள்ளிவிட்டது. வெயிலும் கொஞ்சம் சேர்ந்திருக்கும். நிரப்பிய ரவை எல்லாவற்றையும் கழற்றிப் பிரியுங்கள். பிறை விழுந்த கோதுகளைக் குப்பையில் போடுங்கள். செம்புக்கான பக்கத்தில் தொடக்க அளவிலிருந்து புதிதாக ஆரம்பியுங்கள். வருடாந்தத் தகுதிச் சூட்டுக்கு அந்த ரவையோடு மட்டும் போய்விடாதீர்கள்.

நல்லூர்_நோர்வே | 10.41
கழற்றச் சொல்லிவிட்டேன். இந்த வருடம் கடை ரவைதான். எல்லோருக்கும் நன்றி. நாளை தீர்த்தம்.

வெயில்மனிதன் | 10.44
"வெயிலும் கொஞ்சம்" என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கொக்குவில்_கடைசல் | வெள்ளி, காலை 7.05
தம்பி, பூட்டுக் காதுகளில் கிறீஸ் இருந்ததா, இல்லையா? அதைச் சொல்லவே இல்லை.