வேதாகமத்தில் விளக்கு எதைக் குறிக்கிறது?

கேள்வி:

சங்கீதம் 119:105 கர்த்தருடைய வசனத்தைத் தீபம் என்கிறது. நீதிமொழிகள் 20:27 மனுஷனுடைய ஆவியைக் கர்த்தர் தந்த தீபம் என்கிறது. வெளிப்படுத்தின விசேஷத்தின் முதல் அதிகாரத்தில் ஏழு குத்துவிளக்குகள் ஏழு சபைகளாக இருக்க, அதன் 21ஆம் அதிகாரத்தில் ஆட்டுக்குட்டியானவராகிய கிறிஸ்துவே புதிய எருசலேம் நகரத்தின் விளக்காக இருக்கிறார். இவை அனைத்தையும் இணைக்கும் ஒரே பொருள் உண்டா? மத்தேயு 25ஆம் அதிகாரத்தின் பத்துக் கன்னிகைகள் உவமையில், மணவாளனை எதிர்கொள்ளத் தீவட்டிகளோடு போனவர்களில் புத்தியுள்ள ஐவர் மட்டும் கூடவே எண்ணெயும் கொண்டுபோகிறார்கள்; மற்ற ஐவர் கேட்டபோது பகிர மறுத்து, விற்கிறவர்களிடம் வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். அந்த எண்ணெய் பரிசுத்த ஆவியானவரே என்று உறுதியாகப் போதிக்கிறார்களே, அதற்கு உவமையிலேயே ஆதாரம் இருக்கிறதா?

பதில் 1:

சகோதரரே, ஒரே பொருளைத் தேடினால் பல வசனங்களை வளைக்க வேண்டியிருக்கும். ஆனால் இஸ்ரவேலர் வனாந்தரத்தில் ஆராதித்த ஆசரிப்புக் கூடாரத்திலிருந்து தொடங்கினால் ஒரு தொடர்ச்சி புலப்படும். யாத்திராகமம் 25இன்படி அந்தக் குத்துவிளக்கு ஒரு தாலந்து பசும்பொன்னால், வாதுமை மொட்டுகளும் பூக்களும் பொருந்திய கிளைகளுடன் செய்யப்பட்டது. இவ்வளவு அருமையாகச் செய்யப்பட்டும் அது தானாக எரியவில்லை. இடித்துப் பிழிந்த தெளிவான ஒலிவ எண்ணெயை ஜனங்கள் கொண்டுவர, சாயங்காலம் தொடங்கி விடியற்காலம்வரை ஆரோனும் அவன் குமாரரும் அதைப் பராமரித்தார்கள் (யாத்திராகமம் 27:20-21). சகரியா 4ஆம் அதிகாரத்தின் தரிசனத்தில் குத்துவிளக்கின் இருபுறமும் இரண்டு ஒலிவமரங்கள் நிற்கின்றன. அங்கே எருசலேம் ஆலயத்தைத் திரும்பக் கட்டிய தலைவன் செருபாபேலுக்குச் சொல்லப்பட்டது, "பலத்தினாலும் அல்ல, பராக்கிரமத்தினாலும் அல்ல, என்னுடைய ஆவியினாலேயே ஆகும்" என்பதாகும். வெளிப்படுத்தின விசேஷத்தில் சபைகளைக் குத்துவிளக்குகள் என்று யோவான் எழுதும்போது இந்தப் பின்னணியை விலக்கி வாசிக்க முடியாது. கூடாரத்தில் ஒரே தண்டில் ஏழு அகல்கள் இருந்தன. யோவான் பத்மு தீவில் கண்ட அந்தத் தரிசனத்திலோ ஏழு குத்துவிளக்குகள் தனித்தனியே நிற்க, அவற்றின் நடுவே கிறிஸ்து உலாவுகிறார். அதனால்தான் அந்த ஏழில் ஒன்றான எபேசு சபையின் விளக்குத்தண்டு மட்டும் அதன் இடத்திலிருந்து நீக்கப்படக்கூடும் என்ற எச்சரிக்கை பொருள் பெறுகிறது.

ஆட்டுக்குட்டியானவரைப் பற்றிய வசனம் இந்த வரிசையில் சேராது. மற்ற விளக்குகள் இரவுக்குரியவை. 2 பேதுரு 1:19கூட பொழுது விடியுமளவும் என்று அவற்றுக்கு எல்லை வைக்கிறது. புதிய எருசலேமில் இராக்காலமே இல்லை.

பதில் 2:

தாவீதின் வம்சத்தையும் சேர்க்க வேண்டும். எருசலேமில் தாவீதுக்கு எந்நாளும் ஒரு விளக்கு இருக்கும் என்று 1 இராஜாக்கள் 11:36 கூறுவது சிங்காசனத்தின் தொடர்ச்சியையே குறிக்கிறது. துன்மார்க்கனின் தீபம் அணைந்துபோம் என்ற நீதிமொழிகள் 13:9 அதற்கு எதிர்நிலை.

பதில் 3:

எண்ணெயைப் பற்றி: உவமை அதற்கு விளக்கம் தரவில்லை. சகரியாவின் தரிசனத்தை வைத்துப் பரிசுத்த ஆவியானவர் என்று கொள்பவர்களுக்கு நியாயம் உண்டு. ஆயினும் சபையின் ஆதிப் போதகர்கள் வேறுவிதமாக வாசித்தார்கள். யோவான் கிறிசோஸ்தோம் அதை ஏழைகளுக்குக் காட்டும் இரக்கமும் தருமமுமாகக் கண்டார். அகஸ்டீன் அன்பு என்றார். மத்தேயு 25ஆம் அதிகாரம் பசியாயிருந்தவனுக்குப் போஜனம் கொடுத்தவர்களைப் பற்றிய நியாயத்தீர்ப்போடு முடிவதால், கிறிசோஸ்தோமின் வாசிப்பே எனக்கு வலுவாகத் தோன்றுகிறது.

பெரும்பாலும் கவனிக்கப்படாத ஒன்று உண்டு. பத்துப் பேரும் நித்திரைமயக்கமடைந்து தூங்கினார்கள், புத்தியுள்ளவர்களும் அப்படியே. பத்துப் பேரின் தீவட்டிகளும் எரிந்துகொண்டிருந்தன. மணவாளன் தாமதித்தபோது தாக்குப்பிடிக்கும் அளவுக்கு எண்ணெய் யாரிடம் இருந்தது என்பதே அவர்களைப் பிரித்தது. ஆகவே இந்த உவமையின் பாரம் ஆயத்தத்தின்மேல் விழுகிறது. கிறிசோஸ்தோமின் வாசிப்பு எனக்கு வலுவாகத் தோன்றினாலும், எண்ணெய் என்ற ஒரு பொருளுக்கு மட்டும் தனி அர்த்தம் கற்பித்து அதன்மேல் உபதேசம் கட்டுவது வசனம் சொல்லாததைச் சொல்லவைப்பதாகும்.

கேள்வி கேட்டவர்:

எண்ணெய் இரக்கமானால், புத்தியுள்ளவர்கள் அதைப் பகிர மறுத்தது முரண்பாடாகாதா?

பதில் 3:

முரண்பாடாகாது. நியாயத்தீர்ப்பு நாளில் ஒருவர் செய்த நற்கிரியை மற்றொருவருக்குத் துணைநிற்க முடியாது என்பதையே கிறிசோஸ்தோம் அந்த மறுப்பில் காண்கிறார். எண்ணெயைப் பரிசுத்த ஆவியானவராகக் கொள்பவர்களோ, அவரை விற்பவர்களிடம் வாங்கிக்கொள்ளும்படி சொல்லப்படுவதை விளக்கவேண்டியிருக்கிறது. அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தில் அவரை மற்றவர்களுக்கு அளிக்கும் அதிகாரத்தைப் பணத்தினால் பெற நினைத்த சீமோனைப் பேதுரு கடுமையாகக் கடிந்துகொண்டதும் நினைவில் இருக்கட்டும்.