அவசரம்: கீழ் லயத்துல படம் புள்ளி புள்ளியா வருது

லயத்துப்பயல்: நாளைக்கு தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழா. கேமராவ வச்சு லயத்து வீட்டு டிவி எல்லாத்துலயும் காட்ட, கேமரா படத்த டிவி சேனலா மாத்துற மாடுலேட்டர் போட்டோம், 35ஆம் சேனல். மேல் லயத்துல கண்ணாடி மாதிரி தெரியுது. கீழ் லயத்துல ஒரே புள்ளி. என்ன செய்யலாம் அண்ணன்மாரே?

பழைய_அன்டனா: எத்தன வாட்? அன்டனா எந்தப் பக்கம் பாக்குது?

குறிஞ்சி: நடுவுல மேடு இருக்கும். 35ஆம் சேனல்னா யூஎச்எஃப் அலை, மலையச் சுத்தி வளையாது. இலங்கையிலயே பெரிய மலை பீதுருதாலகால 2524 மீட்டர் உசரம், அதோட அடிவாரப் பள்ளத்துலயே படம் எடுக்காத வீடு இருக்கு.

சிக்னல்_வாத்தியார்: லைசன்ஸ் இருக்கா? 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தை ஒரு தடவையாவது புரட்டியிருக்கீங்களா? அலைவரிசை உங்க வீட்டு முற்றமில்ல.

குறிஞ்சி: சாமி காட்டத்தானே கேக்குறாங்க.

சிக்னல்_வாத்தியார்: சாமிக்கும் 1 வாட், 1 வாட்தான்.

பழைய_அன்டனா: 82ல அரசாங்க டிவி ரூபவாஹினி வந்தப்ப எங்க தோட்டத்துல ஒரே டிவி. சன்னல்ல தொங்கிப் பாத்தோம். அப்ப யாரும் சட்டம் பேசல.

சிக்னல்_வாத்தியார்: டிவி வந்தது 79ல. ஐடிஎன் நிலையம்.

பழைய_அன்டனா: அது கொழும்புக்கு. மலைக்கு 82தான்.

லயத்துப்பயல்: ஐயோ, ட்ரான்ஸ்மிட்டர்னு நான் சொல்லவே இல்லையே! வயர்லதான் போகுது. ஆர்ஜி 6 டிவி வயர்.

மின்மினி: அத மொதல்ல சொல்லியிருக்கலாம் தம்பி. எத்தன மீட்டர்? வயரப் பிரிக்கிற ஸ்ப்ளிட்டர், ஜோயின்ட் எத்தன? 35ஆம் சேனல்ல 100 மீட்டருக்கு 16, 17 டெசிபல் சிக்னல வயரே தின்னுரும். ரெண்டு வழி ஸ்ப்ளிட்டர் ஒவ்வொன்னும் 3.5 எடுக்கும். வேற நிலையம் வராத, யூஎச்எஃப்புக்குக் கீழ உள்ள விஎச்எஃப் சேனல் இருந்தா அதுக்கு எறக்கு, வயர்ல போற நட்டம் கிட்டத்தட்ட பாதியாகும்.

லயத்துப்பயல்: 180 மீட்டர். ஸ்ப்ளிட்டர் 1. ஜோயின்ட் 2, தேயிலைக்குள்ள கெடக்கு, டேப் சுத்தியிருக்கு. முந்தாநேத்து நல்லாத்தான் தெரிஞ்சுது.

மின்மினி: நடுவுல மழ பேஞ்சதா?

லயத்துப்பயல்: நேத்து ராத்திரி பூரா.

மின்மினி: அப்ப சேனலத் தொடாத. ஜோயின்ட்ட அவுத்துப் பாரு.

லயத்துப்பயல்: அவுத்தேன். டேப்புக்குள்ள தண்ணி, வயரோட கம்பிப் பின்னலெல்லாம் பச்சை பூத்துக் கெடந்துச்சு. ஒரு சாண் வெட்டிப்போட்டு புது கனெக்டர் போட்டோம். கீழ் லயத்துலயும் அம்மன் தெரியுது! கரகம் பாலிக்கப் போறாங்க, வர்றேன்.

சிக்னல்_வாத்தியார்: ஜோயின்ட்தான்னு எனக்கு அப்பவே தெரியும்.

மின்மினி: தம்பி, டேப் மட்டும் நிக்காது. ஜோயின்ட்ட மேல தூக்கிக் கட்டி, ரெண்டு பக்கமும் வயர வளையமாத் தொங்க விடு, தண்ணி அடியிலயே சொட்டிரும். தம்பி? இருக்கியா?