பாரம்பரியச் சின்னம், சட்டம், தூதரகம்: யுனெஸ்கோ போன்ற அமைப்புகளில் வேலைக்கு எந்த வழியில் போவது?

சோழமண்டலச்சட்டம் கேட்டது:

வணக்கம். சட்டப் பட்டம் வாங்கியாயிற்று. இப்போது தொல்லியல் எம்.ஏ. கடைசி ஆண்டு, வயது 24. கடத்தப்பட்ட சிலைகளை மீட்பது அல்லது உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பாதுகாப்பு, இந்த இரண்டில் ஒன்றில் சர்வதேச அதிகாரியாக வேலை பார்க்க விருப்பம். கேட்கும் இடமெல்லாம் ஒன்று "யு.பி.எஸ்.சி. எழுது" என்கிறார்கள், அல்லது "பாரிஸில் போய்ப் படி" என்கிறார்கள். எந்தப் பதவிக்கு எத்தனை ஆண்டு அனுபவம் கேட்பார்கள்? இப்போதிருந்தே என்ன கற்றுக்கொள்ள வேண்டும்? விண்ணப்பம் எங்கே அடிபடுகிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏழாம்படி எழுதியது:

முதலில் தூதரையும் சர்வதேச அதிகாரியையும் பிரித்துப் பாருங்கள். யுனெஸ்கோவுக்கான இந்தியத் தூதுக்குழுவில் இருக்கும் ஐ.எஃப்.எஸ். (இந்திய வெளியுறவுப் பணி) அதிகாரி இந்திய அரசின் ஆள். டெல்லி சொல்வதை அங்கே பேசுவது அவர் கடமை. அதே பாரிஸில், யுனெஸ்கோ செயலகத்தில் வேலை பார்க்கும் இந்தியர் எந்த அரசிடமும் உத்தரவு கேட்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. ஐ.நா. சாசனத்தின் 100ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. யுனெஸ்கோவின் அமைப்புச் சட்டத்திலும் இதே விதி உண்டு.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், சிலையைத் திருப்பிக் கேட்பது அரசின் வேலை. செயலகம் கேட்காது. மீட்பதுதான் உங்கள் நோக்கம் என்றால் நீங்கள் பார்க்க வேண்டிய ஊர் டெல்லி. அங்கே ஐ.எஃப்.எஸ். ஒரு வாசல், இந்தியத் தொல்லியல் துறை இன்னொன்று. மூன்றாவது வாசலைப் பலரும் கவனிப்பதில்லை: வெளியுறவு அமைச்சகத்தின் சட்டம் மற்றும் ஒப்பந்தங்கள் பிரிவு. இதற்கான சட்ட அதிகாரிகளைக் குடிமைப் பணித் தேர்வில் எடுப்பதில்லை. யு.பி.எஸ்.சி. தனியாக விளம்பரம் போட்டு எடுக்கிறது. இடங்கள் எப்போதாவது வரும், வந்தாலும் விரல்விட்டு எண்ணலாம். சட்டப் பட்டத்தோடு சர்வதேசச் சட்டப் படிப்பும் இருப்பவருக்கு இது சரியாகப் பொருந்தும்.

செயலகப் பக்கம் போவதென்றால் படிநிலை தெரிய வேண்டும். பி என்பது சர்வதேச அதிகாரிகளின் நிலை, டி என்பது அதற்கு மேலான இயக்குநர் நிலை. ஐ.நா. செயலகத்தில் முதுகலைப் பட்டத்தோடு பி-2க்கு 2 ஆண்டு அனுபவம், பி-3க்கு 5, பி-4க்கு 7, பி-5க்கு 10. முதுகலை இல்லாவிட்டால் இளங்கலையோடு கூடுதலாக 2 ஆண்டு காட்ட வேண்டும். அதற்கு மேலே டி-1, டி-2. மற்ற அமைப்புகளில் ஓராண்டு முன்பின் இருக்கும், அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இளம் அதிகாரிகளுக்கான ஒய்.பி.பி. தேர்வுக்கு 32 வயது வரம்பு உண்டு, முன் அனுபவம் தேவையில்லை. ஆனால் ஊழியர் எண்ணிக்கையில் தங்கள் பங்குக்குக் குறைவாக இருக்கும் நாடுகளுக்கே அது திறக்கும், அந்தப் பட்டியலும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஜே.பி.ஓ. என்ற இளநிலை அதிகாரி பதவிகளுக்கு ஏதாவது ஓர் அரசு பணம் கட்ட வேண்டும், பெரும்பாலும் தன் குடிமக்களுக்குத்தான் கட்டும். இந்த இரண்டையும் எதிர்பார்த்து உட்கார்ந்து வயதைக் கழிக்காதீர்கள். யுனெஸ்கோவின் டெல்லி அலுவலகத்தில் என்.ஓ. என்ற உள்நாட்டு அதிகாரி பதவிகள் இருக்கின்றன. "இது வெளிநாட்டு வேலை இல்லையே" என்று அவற்றைத் தள்ளுவது பெரிய தவறு. அங்கே சேரும் ஆண்டுகள் பிறகு பி நிலைக்குக் கணக்கில் வரும்.

செப்புத்திருமேனி எழுதியது:

மீட்புப் பக்கம் நான் சொல்கிறேன். பட்டம் எங்கே வாங்கினீர்கள் என்பதைவிட, ஒரு பொருளைப் பற்றி நீதிமன்றத்தில் நிற்கும்படி ஒரு பக்கம் எழுதத் தெரியுமா என்பதுதான் இந்தத் துறையில் ஆளை நிறுத்தும்.

பண்பாட்டுப் பொருள்களின் கள்ளக் கடத்தலைத் தடுக்கும் 1970ஆம் ஆண்டு யுனெஸ்கோ ஒப்பந்தத்தின் 7ஆம் பிரிவை வரிவரியாகப் படியுங்கள். அருங்காட்சியகத்திலோ கோயில் போன்ற நினைவுச் சின்னத்திலோ திருடப்பட்ட பொருள், அந்த இடத்தின் பதிவேட்டில் இருந்தது என்று காட்டப்பட வேண்டும். கோரிக்கை தூதரக வழியாகத்தான் போக வேண்டும். ஆதாரங்களைக் கேட்கும் நாடே தன் செலவில் கொடுக்க வேண்டும். அறியாமல் வாங்கியவருக்கு நியாயமான ஈட்டுத்தொகையும் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு நாட்டிலும் ஒப்பந்தம் அமலுக்கு வந்த பிறகு இறக்குமதியான பொருளுக்குத்தான் இது செல்லும். இந்தியா 1977இல் சேர்ந்தது, அமெரிக்கா 1983, ஆஸ்திரேலியா 1989, பிரிட்டன் 2002. எந்தக் கோப்பை எடுத்தாலும் முதலில் இந்த ஆண்டுகளைப் பொருத்திப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டுப் பத்தூர் கோயிலின் நடராசர் சிலையை மீட்கும் வழக்கு லண்டனில் நடந்தபோது பிரிட்டன் ஒப்பந்தத்தில் இல்லை. அதனால் அது சொத்துரிமை வழக்காகவே நடந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991இல் கோயிலையே வழக்காடும் தரப்பாக ஏற்றுக்கொண்டது. சிலையில் ஒட்டிய மண், கரையான் தடம், உலோகக் கலவை எல்லாம் சாட்சியமாக வந்தன. தமிழ்நாட்டு ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராசருக்கு வேறு வழி. ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. அது வெகுகாலம் முன்பே இந்தியாவை விட்டுப் போய்விட்டதாகக் காட்டும் போலிக் காகிதங்கள் கூடவே இருந்தன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கோயிலில் எடுத்து வைத்திருந்த பழைய படங்கள்தான் அந்தக் காகிதங்களை உடைத்தன. ஆஸ்திரேலியாவின் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இந்தியா முறையாகக் கோரிக்கை வைத்தது, 2014 செப்டம்பரில் சிலை திரும்பியது.

பதிவேட்டில் "நடராசர் 1" என்று மட்டும் இருந்தால் எந்தச் சட்டமும் கைகொடுக்காது. ஆப்ஜெக்ட் ஐடி என்ற சர்வதேசப் பதிவு முறை 1997இல் வந்தது. பொருளின் வகை, செய்பொருளும் செய்முறையும், அளவு, எழுத்தும் குறிகளும், தனி அடையாளங்கள், தலைப்பு, உருவப்பொருள், காலம், செய்தவர், இவற்றோடு புகைப்படம். இன்றைக்கே அருகிலுள்ள அருங்காட்சியகத்தில் அனுமதி வாங்கி ஒரு செப்புத்திருமேனிக்கு எழுதிப் பாருங்கள். உயரத்தைப் பீடத்தோடு ஒன்று, பீடமில்லாமல் ஒன்று என இரண்டாகக் குறியுங்கள். பிரபையின் (சிலையைச் சுற்றிய வளையத்தின்) சுடர்களை எண்ணுங்கள், எது முறிந்தது, எது ஒட்டுப்போட்டது என்று எழுதுங்கள். பீடத்தில் உலாவுக்குத் தண்டு செருகும் துளைகளின் இடத்தைக் குறியுங்கள். பின்பக்கத்தை மறக்காமல் படமெடுங்கள். பெரும்பாலான பழைய படங்களில் முன்பக்கம் மட்டும்தான் இருக்கும், அதுவும் பட்டும் மாலையும் சாத்தி. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் வார்ப்புக் குழிகள் தெரியும். ஒரே அச்சில் இரண்டு சோழர்காலத் திருமேனி வராது. மெழுகுக் கருவை அழித்து வார்ப்பதால் ஒவ்வொன்றின் குறையும் தனி. நீதிமன்றத்தில் நமக்குத் துணை அந்தக் குறைகள்தான்.

திருடுபோன பண்பாட்டுப் பொருள்களைத் திருப்பித் தருவது பற்றிய 1995ஆம் ஆண்டு யூனிட்ராய்ட் ஒப்பந்தத்தையும் படியுங்கள். இருக்கும் இடமும் வைத்திருப்பவரும் தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டு, திருடுபோன நாளிலிருந்து 50 ஆண்டு என்று அது கால வரம்பு வைக்கிறது. வாங்கும்போது விசாரித்தேன் என்று காட்டும் பொறுப்பையும் வாங்கியவர் மேல் போடுகிறது. இந்தியா இதில் சேரவில்லை. சேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வடமராட்சி எழுதியது:

விண்ணப்பம் எங்கே அடிபடும் என்று கேட்டிருந்தீர்கள். கனபேர் படிவத்திலேயே விழுந்துபோகினம்.

ஐ.நா. செயலகத்துக்கு இன்ஸ்பைரா தளத்தில் விண்ணப்பிக்க வேணும். தனியாகச் செய்த சி.வி. அங்கே உதவாது, படிவத்தில் இருப்பதை மட்டும்தான் பார்ப்பார்கள். ஒவ்வொரு வேலைக்கும் மாதம், ஆண்டு போடுங்கள். பகுதிநேர வேலையை முழுநேரமாகப் போட்டால் சரிபார்க்கும்போது அகப்படும், அதன்பிறகு அந்தக் கதவு திறக்காது. அறிவிப்பில் "ஒப்பந்த வரைவு" என்று கேட்டிருந்தால், எந்த ஆவணத்தை யாருக்காக எத்தனை பக்கம் வரைந்தீர்கள் என்று வேலை விவரத்திலேயே எழுதுங்கள். கடிதத்தில் மட்டும் எழுதினால் முதற்சல்லடையில் அது கண்ணில் படாது.

எழுத்துத் தேர்வு தாண்டினால் திறன் சார்ந்த நேர்முகம். "ஒரு குழுவில் கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர்கள்?" என்கிற மாதிரிக் கேள்விகள். நிலைமை என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன விளைந்தது, இந்த ஒழுங்கில் இரண்டு மூன்று நிமிடத்தில் சொல்ல வேணும். எங்கட ஆட்கள் அடக்கத்துக்காக "நாங்கள் செய்தோம்" என்று சொல்லுவினம். குழுவில் உங்கள் பங்கு தெரியாவிட்டால் புள்ளி போட அவர்களுக்கு வழியில்லை. "நான்" என்று சொல்லிப் பழகுங்கள்.

மொழி: யுனெஸ்கோ செயலகத்தின் வேலை மொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும். பிரெஞ்சு இல்லாமல் உள்ளே போகலாம், ஆனால் தலைமையகத்தில் போட்டி கடுமையாகும்போது அதுதான் பின்னுக்குத் தள்ளும். டி.இ.எல்.எஃப். என்ற பிரெஞ்சு மொழித் தேர்வில் பி2 நிலை வரை போங்கள். வாசித்து விளங்கினால் மட்டும் போதாது, ஒரு பக்கக் குறிப்பு எழுத வர வேணும்.

இன்னொன்று. மேலே போனவர்களின் பாதையைப் பாருங்கள். வீரமந்திரி இலங்கையின் உச்ச நீதிமன்ற நீதியரசராக இருந்து, ஆஸ்திரேலியாவில் சட்டப் பேராசிரியராகி, அதன்பிறகுதான் 1991இல் ஹேக் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனார். தென்னாப்பிரிக்கத் தமிழரான நவி பிள்ளை டர்பனில் வழக்கறிஞர். அதன்பிறகுதான் ருவாண்டா தீர்ப்பாயம், சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம், 2008இல் மனித உரிமை ஆணையர் பதவி. யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநர் வரை உயர்ந்த வேலூர் மால்கம் ஆதிசேசய்யா 1948இல் அங்கே போகுமுன் பொருளாதாரப் பேராசிரியர். ஊரில் ஒரு தொழிலில் கை தேர்ந்து, பிறகுதான் மூன்று பேரும் வெளியே போனார்கள். நீங்களும் இரண்டு மூன்று வருசம் வழக்காடுங்கள்.

எல்லைக்கல் எழுதியது:

உலகப் பாரம்பரியப் பக்கம் யாரும் தொடவில்லை. அங்கே வேலை நாள்காட்டியைப் பிடித்து ஓடும். ஒரு சின்னத்தைப் பட்டியலில் சேர்க்கக் கேட்கும் பரிந்துரைக் கோப்பு பிப்ரவரி 1க்குள் பாரிஸ் சேர வேண்டும். முழுமையாக இருக்கிறதா என்று மார்ச் 1க்குள் சொல்வார்கள். பண்பாட்டுச் சின்னமென்றால் ஐகோமாஸ் என்ற நினைவுச் சின்ன வல்லுநர் அமைப்பு மதிப்பிடும், இயற்கைச் சின்னமென்றால் ஐ.யு.சி.என். என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு. மறு ஆண்டு நடுவில் 21 நாடுகள் கொண்ட உலகப் பாரம்பரியக் குழு முடிவெடுக்கும். ஆக மொத்தம் ஒன்றரை ஆண்டு. ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் சின்னத்தின் நிலை அறிக்கையைக் குழு கேட்டிருந்தால், வழக்கமாக டிசம்பர் 1க்குள் தர வேண்டும்.

கோப்பு திரும்பி வருவதற்கு முக்கியமான காரணம் வரைபடம். சின்னத்தின் எல்லைக்கோடும் அதைச் சுற்றிய காப்பு வளையக் கோடும் சர்வே எண்ணோடு ஒத்துப்போகாது, அல்லது வளையத்துக்குள் கட்டுமானத்தைத் தடுக்க உள்ளூர்ச் சட்டம் எதுவும் இருக்காது. சட்டமும் தொல்லியலும் சேர்ந்து படித்தவருக்கு இது அருமையான இடம். தஞ்சைப் பெரிய கோயில் 1987இல் தனியாகச் சேர்ந்தது. 2004இல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் சேர்ந்து "அழியாத சோழர் பெருங்கோயில்கள்" ஆனது. அந்தக் கோப்பும் மதிப்பீட்டு அறிக்கையும் யுனெஸ்கோ தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் படியுங்கள். அரசு என்ன எழுதியது, மதிப்பீட்டாளர் எதைக் கேள்வி கேட்டார் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போனால் பாதித் தொழில் பிடிபடும்.

உலகப் பாரம்பரிய ஒப்பந்தத்தின் செயல்முறை வழிகாட்டியில் 172ஆம் பத்தியையும் மனத்தில் வையுங்கள். சின்னத்தின் மதிப்பைப் பாதிக்கக்கூடிய பெரிய கட்டுமானத்தைத் திரும்பப் பெற முடியாத முடிவு எடுக்கும் முன்பே அறிவிக்கச் சொல்கிறது. பாலம் கட்டி ஜெர்மனியின் டிரெஸ்டன் 2009இல் பட்டியலிலிருந்து போனது. துறைமுகக் கரையில் கட்டிக்கொண்டே போய் இங்கிலாந்தின் லிவர்பூல் 2021இல் போனது.

நுழைய எளிய வழி ஐகோமாஸ் இந்தியாவில் உறுப்பினராவது. ரோமிலுள்ள இக்ரோம் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு நடத்தும் குறுகிய காலப் பயிற்சிகளும் நல்லவை, குறிப்பாகப் பேரிடரிலும் போரிலும் சின்னங்களுக்கான முதலுதவிப் பயிற்சி.

சோழமண்டலச்சட்டம் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஒரு சந்தேகம். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப், கன்சல்டன்ட் ஒப்பந்தம் இந்த இரண்டையும் எடுக்கலாமா?

ஏழாம்படி எழுதியது:

ஐ.நா. செயலக இன்டர்ன்ஷிப் 2 முதல் 6 மாதம், சம்பளம் கிடையாது. படிக்கும்போதோ பட்டம் வாங்கி ஓராண்டுக்குள்ளோதான் சேரலாம். உங்களுக்கு அந்தக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது, போவதென்றால் இப்போதே விண்ணப்பியுங்கள். ஜெனீவா, நியூயார்க் வாடகையைக் கையிலிருந்து கொடுக்க முடியாது என்றால் டெல்லி அல்லது பாங்காக் அலுவலகம் பாருங்கள்.

கன்சல்டன்ட் என்பவர் ஊழியர் அல்ல. ஓய்வூதிய நிதி இல்லை, விடுப்பு இல்லை, ஒப்பந்தம் முடிந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. எடுக்கலாம், ஆனால் என்ன எழுதித் தரப்போகிறீர்கள், எத்தனை தவணையில் பணம், யார் ஒப்புதல் தந்தால் பணம் என்ற மூன்றும் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள். "இறுதி அறிக்கை ஏற்கப்பட்ட பின்" என்று ஒரே தவணை போட்டிருந்தால், முதல் வரைவுக்கு ஒரு தவணை கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள்.

ஊழியரானபின் ஓய்வூதியத்துக்குச் சம்பளக் கணக்கில் 7.9 சதவீதம் உங்களிடமிருந்தும் 15.8 சதவீதம் அமைப்பிடமிருந்தும் போகும். 5 ஆண்டுக்குள் விலகினால் உங்கள் பங்கு வட்டியோடு திரும்பும், மாத ஓய்வூதியம் கிடைக்காது. யுனெஸ்கோவில் பணித் தகராறு வந்தால் உள்ளூர் நீதிமன்றம் போக முடியாது. உள் முறையீடு முடிந்து, இறுதி முடிவு கைக்கு வந்த 90 நாளுக்குள் ஜெனீவாவிலுள்ள ஐ.எல்.ஓ. (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும்.

விண்ணப்பம், நேர்முகம், பயிற்சி என எந்தக் கட்டத்திலும் ஐ.நா. அமைப்புகள் பணம் கேட்பதில்லை. "விசா செலவுக்கு முன்பணம்" என்று மின்னஞ்சல் வந்தால் பதில் போடாதீர்கள்.